எந்த ரகம், எந்தத் தொந்தரவுக்கு, எத்தனை வாரம்?

வாசகர் கேள்வி - நிபுணர் பதில்

வயிற்று வலி, உப்புசம், சாப்பிட்டவுடன் கழிவறைக்கு ஓடும் அவசரம் என்று ஐ.பி.எஸ். (‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’ என்னும் குடல் எரிச்சல் நோய்) பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புரோபயாட்டிக் என்னும் ‘நல்ல பாக்டீரியா’ மருந்துகளைப் பற்றியே கேட்கின்றன. இந்த இதழில் இரைப்பை - குடல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 34. ஒரு வருடமாகக் காலைச் சாப்பாடு முடிந்தவுடன் அடிவயிறு முறுக்கி வலிக்கிறது. கழிவறைக்குப் போய் வந்தால்தான் அடங்கும். பனியன் கம்பெனிக்குக் கிளம்புவதற்குள் மூன்று தடவை போக வேண்டியிருக்கிறது. ரத்தம், ஸ்கேன், கொலனோஸ்கோபி எல்லாம் பார்த்துவிட்டு ஐ.பி.எஸ். என்றார் டாக்டர். மெடிக்கலில் ஒரு புரோபயாட்டிக் கேப்சூல் கொடுத்தார்கள். பத்து நாள் போட்டேன், கேட்கவில்லை. வேறு கம்பெனி மாற்றி அதுவும் பத்து நாள். இப்போது மூன்றாவது. எந்தக் கம்பெனி நல்லது?
- வாசகி, திருப்பூர்

பத்துப் பத்து நாளாக மாற்றியதால் மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் சரியாகச் சோதித்துப் பார்த்ததாக ஆகவில்லை, அம்மா. கம்பெனிப் பெயரை விடுங்கள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

பாக்டீரியாவுக்குப் பேரினம், சிற்றினம், அதற்கும் கீழே ரகம் என்று மூன்று அடுக்கில் பெயர் உண்டு. பொன்னியும் நெல்தான், மாப்பிள்ளைச் சம்பாவும் நெல்தான். ஆனால் ஒன்றின் வயதும் விளைச்சலும் மற்றதற்கு வராது. ‘லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் ‘நெல்’ என்று மட்டும் சொன்னது மாதிரி. ‘பிளான்டாரம் 299வி’ என்று இருந்தால்தான் எந்த ஆய்வின் முடிவு அந்தக் கேப்சூலுக்குப் பொருந்தும் என்று பார்க்க முடியும். இன்னொரு குழப்பமும் உண்டு. 2020இல் லாக்டோபாசில்லஸ் என்ற பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் புதிய அட்டைகளில் இதே பாக்டீரியா ‘லாக்டிபிளான்டிபாசில்லஸ் பிளான்டாரம்’ என்று இருக்கும். ஆள் மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

ஐ.பி.எஸ்ஸில் ஓரளவு கவனமாகச் சோதிக்கப்பட்ட ரகங்கள் குறைவு. 299வி அவற்றில் ஒன்று. இந்தியாவிலேயே 214 நோயாளிகளைக் கொண்டு, நாளுக்கு ஒரு கேப்சூல், அதில் 1000 கோடி பாக்டீரியா என்ற கணக்கில் 4 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவின்படி, போலி மாத்திரை (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) போட்டவர்களைவிட இவர்களுக்கு வலியும் உப்புசமும் தெளிவாகக் குறைந்திருந்தன. அதே ரகத்தைத் தென்னாப்பிரிக்காவில் 8 வாரம் கொடுத்துப் பார்த்த 81 பேர் ஆய்வில் போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நன்றாக ஆராயப்பட்ட ரகம்கூட உங்களுக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு ரகத்தை ஒழுங்காகப் போட்டுப் பார்ப்பதுதான்.

ஒழுங்காக என்றால் இப்படி. இப்போது போடுவதை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் எந்தக் கேப்சூலும் இல்லாமல் ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள்: வலிக்கு 0 முதல் 10க்குள் ஒரு மதிப்பெண், உப்புசத்துக்கு அதேபோல் ஒன்று, எத்தனை தடவை போனீர்கள், மலம் எப்படி இருந்தது. கடைசி விஷயத்துக்குப் பிரிஸ்டல் அட்டவணை என்று ஏழு எண்கள் உண்டு. ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனியாக இருந்தால் 1, வாழைப்பழம் போல வழவழப்பாக இருந்தால் 4, வெறும் நீராகப் போனால் 7. மற்றவற்றை இடையில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒரே ஒரு ரகம். தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டோடு போடுங்கள் (வெறும் வயிற்றில் என்று அட்டையில் இருந்தால் அதன்படி). உணவோடு போகும்போது வயிற்று அமிலத்தின் கடுமை குறைந்து, அதிக பாக்டீரியா உயிரோடு குடலைச் சேரும். நான்கு வாரம் முடிந்ததும் சராசரியைப் பாருங்கள். வலி 6இல் இருந்து 4க்கு வந்திருந்தால், அதாவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தால், மொத்தம் 12 வாரம் வரை தொடரலாம். 6 என்பது 5.5 ஆகியிருந்தால் அது கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். அந்த நான்கு வாரத்தில் வேறு எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். டீயை நிறுத்திவிட்டு, ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு, கேப்சூலும் போட்டால் எது கேட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

அட்டையில் இன்னும் இரண்டைப் பாருங்கள். எண்ணிக்கை ‘தயாரித்த நாளில்’ என்று போட்டிருக்கிறதா, ‘காலாவதி நாள் வரை’ என்று போட்டிருக்கிறதா? ரகத்தின் பெயரும், காலாவதி நாள் வரை உயிரோடு இருக்கும் எண்ணிக்கையும், எப்படிப் பாதுகாப்பது என்பதும் அட்டையில் இருக்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) 2011லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அடுத்தது சூடு. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்தைச் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் உயிரோடு இருப்பது எவ்வளவு என்று தெரியாது. சாதாரணச் சூட்டில் வைக்கக்கூடியதையும் அடுப்பு மேடையிலோ ஃப்ரிட்ஜின் தலையிலோ வைக்காதீர்கள். சாஷேப் பொடியைக் காபியிலோ சுடுபாலிலோ கலக்காதீர்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 61. நான்கு மாதமாக மலம் கழிக்கும் பழக்கம் மாறிவிட்டது. சில நாள் இறுகல், சில நாள் இளக்கம். வலி எதுவும் இல்லை. கொஞ்சம் அசதி இருக்கிறது, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. மகன் ஐ.பி.எஸ். என்று படித்துவிட்டு ஆன்லைனில் புரோபயாட்டிக் வாங்கிக் கொடுத்தான். தொடரலாமா?
- வாசகர், நாகர்கோவில்

வேண்டாம் ஐயா. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

வலி இல்லாமல் ஐ.பி.எஸ். என்று சொல்வதில்லை. குடல் நிபுணர்களின் சர்வதேசக் குழு 2016இல் வகுத்த ரோம் 4 வரையறைப்படி, கடைசி 3 மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பது, போகும் தடவையின் மாற்றம், மலத்தின் தன்மை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டோடாவது சேர்ந்து வர வேண்டும். தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு இருப்பதோ வேறு: 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த மாற்றம், அசதி, எடை குறைவு. மலத்தில் ரத்தம், ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் ஆகியவையும் இதே எச்சரிக்கைப் பட்டியலில் சேரும். ஹீமோகுளோபின், தைராய்டு, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), மலத்தில் கால்புரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) ஆகியவற்றைப் பார்ப்பார்கள். உங்கள் வயதுக்கும் அறிகுறிகளுக்கும் கொலனோஸ்கோபி தேவைப்படும். நம் நாட்டில் குடல் காசநோயையும் மறக்கக் கூடாது. கால்புரொடெக்டின் பரிசோதனைக்குப் போகும் முன், மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். அந்த வகை மாத்திரைகளே அளவைக் கூட்டிக் காட்டும்.

கேள்வி: ஒரு டாக்டர் புரோபயாட்டிக் எழுதித் தருகிறார். இன்னொரு டாக்டர் ‘காசைக் கரியாக்காதீர்கள்’ என்கிறார். யாரை நம்புவது?
- வாசகர், சேலம்

இருவருக்கும் பின்னால் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க இரைப்பை - குடல் சங்கம் 2020இல், ஐ.பி.எஸ்ஸுக்குப் புரோபயாட்டிக்கை ஆய்வுகளுக்குள் மட்டும் கொடுங்கள் என்றது. அமெரிக்காவின் இன்னொரு மருத்துவ அமைப்பு 2021இல் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அதே 2021இல் பிரிட்டிஷ் சங்கம், எந்த ரகம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் 12 வாரம் வரை போட்டுப் பார்க்கலாம், கேட்காவிட்டால் நிறுத்த வேண்டும் என்றது. ஒரே ஆய்வுகளைத்தான் மூவரும் படித்தார்கள்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஐ.பி.எஸ். கூடிக் குறையும் நோய். மிகவும் மோசமாக இருக்கும் நாளில்தான் மருந்து தேடுகிறோம். அதன் பிறகு தானாகவே கொஞ்சம் தணியும். சோதனைகளில் போலி மாத்திரை போட்டவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை நலம் தெரிவதாகச் சொல்வது வழக்கம். அதற்கு மேல் மருந்து எவ்வளவு தந்தது என்று காட்டப் பெரிய ஆய்வு வேண்டும். இருப்பவற்றில் பல சிறியவை, வெவ்வேறு ரகங்களை வெவ்வேறு அளவில் கொடுத்தவை. எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுச் சராசரி எடுத்தால் எதற்கும் பொருந்தாத ஒரு விடைதான் வரும்.

அளவிலும் வினோதங்கள் உண்டு. 2006இல் வெளிவந்த ஆய்வில் 362 பெண்களுக்கு பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் 35624 என்ற ரகத்தை மூன்று அளவில் கொடுத்தார்கள்: 10 லட்சம், 10 கோடி, 1000 கோடி. கேட்டது நடு அளவான 10 கோடி மட்டும். 1000 கோடி ஏன் கேட்கவில்லை என்று பார்த்தபோது, அந்தக் கேப்சூலில் பொடி அடைத்துக்கொண்டு, ஈரம் பட்டதும் கரையாமல் பசை மாதிரி இறுகியது தெரிந்தது. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மருந்து வலுவானது என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இதைவிட ஆச்சரியமானது 2020இல் ஜெர்மனியில் 443 பேரிடம் நடந்தது. பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடம் ரகம் ஒன்றைச் சூடாக்கிக் கொன்று, செத்த பாக்டீரியாவை 8 வாரம் கொடுத்தார்கள். அதைப் போட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கும் போலி மாத்திரையில் 19 சதவீதம் பேருக்கும் நலம் தெரிந்தது. அந்த ரகத்தின் மேலுறை குடல் சுவரில் ஒட்டிக்கொள்வதே வேலை செய்கிறது என்று கருதுகிறார்கள்.

‘போட்டால் குடலில் குடியேறிவிடும்’ என்ற விளம்பரப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். நம் உடலில் இருக்கும் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. அந்தக் கூட்டத்தில் ஒரு கேப்சூல் வந்துபோகும் விருந்தாளிதான். நிறுத்திய சில நாள் அல்லது சில வாரத்தில் மலத்தில் அதன் தடயம் மறைந்துவிடும்.

கேள்வி: தயிர், இட்லி, பழைய சோறு எல்லாமே புரோபயாட்டிக்தானே? கேப்சூல் எதற்கு?
- வாசகி, தஞ்சாவூர்

போதுமான அளவில் உள்ளே போய் உடலுக்குப் பயன் தரும் என்று காட்டப்பட்ட உயிருள்ள நுண்ணுயிர் என்பதுதான் புரோபயாட்டிக்கின் வரையறை. உயிரோடு இருக்க வேண்டும், அளவு தெரிய வேண்டும், பயன் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்து நம் சமையலறையைப் பார்க்கலாம்.

இட்லி மாவு பொங்குவதற்கு முக்கியக் காரணம் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. உளுந்தில் இயல்பாகவே இருக்கும் அது ஊறும்போதும் புளிக்கும்போதும் பெருகி, அமிலமும் வாயுவும் விடும். ஆனால் பத்து நிமிடம் ஆவியில் வெந்தபின் இட்லியில் அது உயிரோடு இராது. இட்லியின் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. புளிக்கும்போது உளுந்தில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் உளுந்து வடையை ஏற்காத வயிறு இரண்டு மூன்று இட்லியை ஏற்கும்.

தயிரில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. வீட்டுக்கு வீடு, உறைக்கு உறை ரகம் மாறும். அதனால் ஐ.பி.எஸ்ஸுக்கு மருந்து என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பயன் உறுதியானது. தென்னிந்தியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவு. தயிர் பாக்டீரியா அந்த நொதியைத் தன்னோடே கொண்டுவருகிறது. ஒரு டம்ளர் பால் குடித்தால் உப்புசம், அதே அளவு தயிர் சாப்பிட்டால் ஒன்றுமில்லை என்பவர்களுக்கு இதுதான் காரணம். கால் டம்ளர் தயிரில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கடைந்த மோர் இன்னும் லேசானது. மோர்க்குழம்பாகக் கொதித்தால் பாக்டீரியா செத்துவிடும். மாதக்கணக்கில் வெளியே வைக்கலாம் என்று அட்டைப் பெட்டியில் வரும் மோரும் சூடாக்கப்பட்டதுதான்.

பழைய சோற்று நீராகாரத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. குடல் நோய்களுக்கு அது எவ்வளவு உதவும் என்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட விரும்புகிறவர்கள் பதத்தைக் கவனிக்க வேண்டும். இரவில் வடித்த சோறு ஆறியதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறுமனே வைக்காமல், கொதித்து ஆறிய தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி ஊற வையுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். மதியச் சோற்றை மாலைவரை மூடிவைத்து, பிறகு நீர் ஊற்றுவதுதான் ஆபத்து. வேகும்போது சாகாத பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அந்த நேரத்தில் முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. நூல் விட்டாலோ துர்நாற்றம் வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

‘பழைய சோறு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்பவர்கள் தொட்டுக்கொண்டதைப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி கூடக் கடித்த நான்கைந்து சின்ன வெங்காயம்தான்.

கேள்வி: புரோபயாட்டிக் சாஷே தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து வயிறு பலூன் மாதிரி இருக்கிறது. மருந்து வேலை செய்யும்போது அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், சென்னை

முதல் வாரத்தில் லேசான வாயு சகஜம். பலூன் மாதிரி என்றால் சாஷேயில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘ப்ரீ அண்டு ப்ரோபயாட்டிக்’ என்று விற்பவற்றில் ஃபிரக்டோ ஒலிகோசாக்கரைடு அல்லது இனுலின் சேர்த்திருப்பார்கள். இவை பாக்டீரியாவுக்குத் தீனி. நம் சிறுகுடலில் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே நொதித்து வாயுவாகும். வெங்காயமும் பூண்டும் செய்வதும் இதைத்தான். ஐ.பி.எஸ். உள்ளவரின் குடல் நரம்புகள் சாதாரண அளவு வாயுவையே வலியாக உணரும். கேப்சூலில் சில மில்லிகிராம் இருந்தால் பெரிதில்லை. சாஷேயில் கிராம் கணக்கில் இருந்தால் தொந்தரவுதான். சுவைக்குச் சேர்த்த சார்பிடால், மானிடால் இருந்தாலும் இதே கதை. தீனி சேர்க்காத, ரகத்தின் பெயர் போட்ட கேப்சூலுக்கு மாறுங்கள். அதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் உப்புசம் நீடித்தால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ‘லோ ஃபாட்மேப்’ உணவு என்று சொல்லி வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். எட்டு மாதமாகிறது. வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் சாப்பாடே வெறுத்துவிட்டது. இப்படியே இருந்துவிட வேண்டுமா?
- வாசகி, மதுரை

எட்டு மாதம் மிகவும் அதிகம், அம்மா. மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த உணவு முறைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. ஃபாட்மேப் என்பது சிறுகுடலில் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலில் நொதித்து வாயுவாகும் சர்க்கரைகளின் பொதுப் பெயர். அவற்றை நிறுத்துவது முதல் கட்டம் மட்டுமே. அது 2 முதல் 6 வாரம். அதற்குள் குறையவில்லை என்றால் உங்களுக்கு இந்த வழி இல்லை என்று பொருள். குறைந்தால் அடுத்த கட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். நீங்கள் முதல் படியிலேயே நின்றுவிட்டீர்கள்.

இந்தப் பக்கத்தின் தலைப்போடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. நீங்கள் நிறுத்திய சர்க்கரைகள்தான் குடலிலுள்ள பிஃபிடோ பாக்டீரியாவின் சாப்பாடு. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் நான்கே வாரத்தில் அவற்றின் எண்ணிக்கை குறைவதைக் கண்டார்கள். அதே குழு பின்னர் 104 பேரிடம் செய்த ஆய்வில், இந்த உணவோடு பல ரகப் புரோபயாட்டிக் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த எண்ணிக்கை மீண்டது. அதற்காகக் கேப்சூல் வாங்க ஓட வேண்டாம். ஒத்துக்கொள்ளும் உணவைத் திரும்பக் கொண்டுவருவதே நல்ல வழி.

திரும்பக் கொண்டுவரும்போது ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். மூன்று நாள் அளவைக் கூட்டுங்கள், பிறகு மூன்று நாள் அதை விட்டுவிட்டு வயிற்றைக் கவனியுங்கள். சின்ன வெங்காயம் முதல் நாள் ஒன்று, அடுத்த நாள் இரண்டு, மூன்றாம் நாள் நான்கு. அடுத்த வாரம் சப்பாத்தி: ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கடுத்து பால்: கால் டம்ளர், அரை, ஒன்று. பிறகு கொண்டைக்கடலைச் சுண்டல். பூண்டைத் தனியாகச் சோதியுங்கள். வெங்காயம் ஒத்துக்கொண்டு பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய. எந்த அளவில் வலி வருகிறது என்று தெரிந்துவிட்டால் அதற்குக் கீழே எப்போதும் சாப்பிடலாம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று பொருள்தான் உண்மையில் ஒத்துக்கொள்ளாது.

சோதனை முடியும் வரை சமையலுக்கு ஒரு வழி. வெங்காயம், பூண்டில் தொந்தரவு தரும் ஃபிரக்டான் என்ற சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயைக் காயவைத்துப் பூண்டைத் தட்டிப் போட்டுச் சிவக்க வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் வரும், ஃபிரக்டான் வராது. வரிசை முக்கியம்: தக்காளியோ புளித்தண்ணீரோ சேரும் முன்பே பூண்டு வெளியே வந்துவிட வேண்டும். ‘சாம்பாரில் போட்டுவிட்டு, சாப்பிடும்போது ஒதுக்கிவிடுகிறேன்’ என்பதில் பயன் இல்லை. அதற்குள் குழம்பு நீரில் இறங்கியிருக்கும். இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். பூண்டு கிடந்த எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து வெளியில் வைத்தால் பொட்டுலிசம் நஞ்சு உருவாகும் அபாயம் உண்டு. வெங்காயத்தாளில் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிச் சேர்க்கலாம். பெருங்காயம் தாராளமாகப் போடலாம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். சிட்டிகை அளவில் ஐ.பி.எஸ்ஸுக்கு அது பொருட்டில்லை. சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்கள்தான் பார்த்து வாங்க வேண்டும். பருப்பை ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் வேகவையுங்கள். வாழைப்பழம் புள்ளி விழும் அளவுக்குக் கனிந்ததை விட்டு, சற்றுக் கெட்டியாக இருப்பதை எடுங்கள்.

கேள்வி: மலச்சிக்கல் வகை ஐ.பி.எஸ். புரோபயாட்டிக்கா, இசப்கோலா?
- வாசகர், ஈரோடு

முதலில் இசப்கோல். அதற்கான ஆதாரம் வலுவானது, விலையும் குறைவு. நெதர்லாந்தில் 275 பேரை மூன்றாகப் பிரித்து, 12 வாரம் தினமும் 10 கிராம் இசப்கோல், 10 கிராம் கோதுமைத் தவிடு, போலி மருந்தாக அரிசி மாவு என்று கொடுத்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவில், முதல் மாதத்தில் இசப்கோல் எடுத்தவர்களில் 57 சதவீதம் பேருக்கும் அரிசி மாவில் 35 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. தவிடு எடுத்தவர்களில் பலர் தொந்தரவு கூடியதால் பாதியிலேயே விலகினார்கள். ‘நார்ச்சத்து’ என்று தவிட்டு பிஸ்கட் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 3 கிராம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 250 மில்லி தண்ணீரில் கலந்து, கெட்டியாகும் முன் குடித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் காலையிலும் ஒன்று சேருங்கள். மெதுவாக 10 கிராம் வரை போகலாம். எடுத்த எடுப்பில் மூன்று ஸ்பூன் போட்டால் உப்புசம் வரும், தண்ணீர் குறைந்தால் சிக்கல் கூடும். குடித்தவுடன் படுக்காதீர்கள். தைராய்டு, சர்க்கரை மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும் குடலடைப்பு வந்தவர்களும் எடுக்கக் கூடாது.

கேள்வி: கல்யாண விருந்து ஒன்றில் சாப்பிட்டு, காய்ச்சலோடு கடும் பேதி. ஒரு வாரத்தில் நின்றது. ஆனால் ஏழு மாதமாக வயிறு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா?
- வாசகர், திண்டுக்கல்

கிருமி போயிருக்கும், அது விட்டுச்சென்ற மாற்றம் இருக்கிறது. குடல் தொற்றுக்குப் பிறகு பத்தில் ஒருவருக்கு ஐ.பி.எஸ். தொடங்குகிறது. கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000ஆம் ஆண்டு குடிநீரில் ஈ.கோலை, காம்பிலோபாக்டர் கிருமிகள் கலந்து சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். அந்த மக்களை எட்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். நோயுற்றவர்களில் இரண்டு மூன்று ஆண்டுகளில் 28 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது. எட்டாவது ஆண்டில் அது 15 சதவீதம். அதாவது பாதிப் பேருக்குக் காலப்போக்கில் தானே விலகியது.

ஒரு முறை மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேதி வகையாகவே நீடித்தால் ரிஃபாக்சிமின் என்ற, குடலிலேயே தங்கி வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். 550 மில்லிகிராம், மூன்று வேளை, 14 நாள். பெரிய சோதனைகளில் அதை எடுத்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கும் போலி மாத்திரையில் 32 பேருக்கும் குணம் தெரிந்தது. சீட்டு இல்லாமல் வாங்கிப் போடக் கூடாது.

கேள்வி: பேத்தியின் பேதிக்கு வாங்கிய குட்டி பாட்டில் மருந்தும் ஈஸ்ட் சாஷேயும் மீதி இருக்கின்றன. கீமோ எடுத்துவரும் என் கணவருக்கு வயிறு சரியில்லை. இயற்கையான மருந்துதானே, கொடுக்கலாமா?
- வாசகி, காரைக்குடி

கொடுக்காதீர்கள் அம்மா. புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் எந்தப் புரோபயாட்டிக்கும் வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைந்த உடலில் இந்த ‘நல்ல’ உயிர்களே ரத்தத்துக்குள் போகலாம். ஈஸ்ட் சாஷேயில் இருப்பது சக்கரோமைசிஸ் பவுலார்டி. மருந்து ஏற்றக் கழுத்திலோ மார்பிலோ குழாய் வைத்திருப்பவர்களுக்கு இது கூடாது. சாஷேயைக் கிழிக்கும்போது பறக்கும் பொடி கையில் ஒட்டி, அந்தக் கையால் குழாயைத் தொட்டாலே ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று வந்திருக்கிறது. அதனால் அவர் இருக்கும் அறையில் வேறு யாருக்காகவும் அதைப் பிரிக்காதீர்கள். 2008இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், கடும் கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்தபோது 152 பேரில் 24 பேர் இறந்தார்கள், கொடுக்காத 144 பேரில் 9 பேர். நன்றாக நடமாடும் ஐ.பி.எஸ். நோயாளிக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. தீவிர நோயாளிக்கு அப்படி இல்லை.

குட்டி பாட்டிலில் இருப்பது பாசில்லஸ் கிளாசி வித்துகள், 5 மில்லியில் 200 கோடி. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கப் பயன்படும். ஐ.பி.எஸ்ஸுக்கு அதன் ஆதாரம் மெலிந்தது. திறந்த பாட்டிலை மீதி வைக்கக் கூடாது.

கேள்வி: மலத்தை அனுப்பினால் குடல் பாக்டீரியா முழுவதையும் பட்டியலிட்டு, அதற்கேற்ற புரோபயாட்டிக் தருவதாக விளம்பரம் பார்த்தேன். செய்துகொள்ளலாமா?
- வாசகர், கோவை

ஐ.பி.எஸ்ஸுக்கு இப்போது அதனால் பயன் இல்லை. ‘இந்தப் பாக்டீரியா இத்தனை சதவீதம் இருந்தால் ஆரோக்கியம்’ என்ற அளவுகோல் இன்னும் வகுக்கப்படவில்லை. நேற்று சாப்பிட்டது, போன மாதம் போட்ட ஆன்டிபயாட்டிக், மாதிரி கூரியரில் எத்தனை நாள் கிடந்தது என்பதைப் பொறுத்தே பட்டியல் மாறும். அந்தப் பணத்தில் கால்புரொடெக்டினும் சீலியாக் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சீலியாக் பரிசோதனைக்கு முன் சில வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே கோதுமையை நிறுத்தியிருந்தால் நோய் இருந்தும் இல்லை என்றே காட்டும்.